மூன்று தரம் சொன்ன பின்னர்

“ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்!” என்று ஏலக்காரர் கூவி முடித்துவிட்டால் பொருள் கைமாறிவிட்டது என்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். கோயில் தோப்பைக் குத்தகைக்கு விடும் ஏலமாயினும், கொலாபாவிலுள்ள சசூன் டாக்கில் விடியுமுன் நடைபெறும் மீன் ஏலமாயினும் முறை ஒன்றே. மூன்றாம் தரம் சொல்லும் வரை விலை ஏறலாம். சொன்ன பின்னர் ஏறாது. “இவ்வளவு மலிவாகப் போய்விட்டதே, நான் தரமாட்டேன்” என்று மீன்காரர் கூடையை இழுத்துக்கொண்டால், கூடியிருப்போர் அவரைச் சும்மா விடுவார்களா?

இணைய ஏலத்தில் கூடியிருப்போர் இல்லை. கூவுவாரும் இல்லை. கடிகாரம் ஒன்று ஓடுகிறது. அது நின்றதும் உயர்ந்த விலை கேட்டவருக்குப் பொருள் என்று திரை அறிவிக்கிறது. மறுநாள் விற்பவரிடமிருந்து ஒற்றை வரிச் செய்தி வருகிறது: “பொருள் கைவசம் இல்லை, மன்னிக்கவும்.” பழைய நூல், நாணயம், தபால்தலை, ஆய்வுக் கருவி ஆகியவற்றை இவ்வாறு வாங்க முயலும் மாணவர் நம்மிடையே பலர். அச்செய்தியைக் கண்டதும் பெரும்பாலோர் பெருமூச்சு விட்டு அடங்கிவிடுகின்றனர். அடங்கத்தான் வேண்டுமா என்பதே இங்கு நாம் ஆராயப் போவது.

நம் நாட்டில் ஏலத்துக்கென்றே ஒரு சட்டப் பிரிவு உண்டு. 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு அது. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்தது என்று அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவு பெறுகிறது என்கிறது அப்பிரிவு. அதற்கு முன்னர், விலை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். ‘வழக்கமான வேறு முறை’ என்னும் சொற்களைக் கவனியுங்கள். சுத்தியலே இல்லாத இணைய ஏலத்தில், கடிகாரம் நிற்பதும் வென்றவர் பெயர் திரையில் தோன்றுவதும் அம்முறையாகலாம் என்பது என் கருத்து. மின்வழியே உருவான ஒப்பந்தம் என்பதற்காக மட்டும் அது செல்லாததாகிவிடாது என்று 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவும் கூறுகிறது. (இதே 64ஆம் பிரிவில் இன்னொன்றும் உண்டு. விலையை ஏற்றிவிடுவதற்காக விற்பவர் பொய்க் கேள்வி கேட்டால், வாங்கியவர் விரும்பினால் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம்.)

ஆகவே, முதலில் கேட்க வேண்டிய வினா இதுதான்: விற்பவர் எப்போது பின்வாங்கினார், சுத்தியலுக்கு முன்னரா, பின்னரா?

முன்னர் என்றால் நம் கை தாழ்ந்தே இருக்கிறது. 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. அலுவலக மேசை நாற்காலிகள் ஏலத்துக்கு வரும் என்ற விளம்பரத்தைக் கண்டு, லண்டனிலிருந்து பரி செயிண்ட் எட்மண்ட்ஸ் என்னும் ஊருக்கு ஒருவர் பயணம் போனார். அங்கே அந்தப் பொருள்களை மட்டும் ஏலத்திலிருந்து எடுத்துவிட்டனர். போக்குவரத்துச் செலவைக் கேட்டு அவர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். விளம்பரம் என்பது எண்ணத்தின் அறிவிப்பே அன்றி வாக்குறுதி அன்று என்றது நீதிமன்றம்.

பின்னர் என்றாலும் ஒரு தடை உண்டு. ‘உயர்ந்த கேள்வி விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்று ஏல நிபந்தனைகளில் எழுதியிருந்தால், ஒப்புதல் வரும் வரை ஒப்பந்தம் பிறப்பதில்லை. நாகபுரி மேம்பாட்டு அறக்கட்டளையின் மனை ஏலம் பற்றிய வழக்கில், உயர்ந்த விலை கேட்டதாலேயே ஒருவருக்கு உரிமை பிறந்துவிடாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிகள் விடும் ஏலங்களிலும் பழைய கார் ஏலங்களிலும் இத்தகைய வரி அடிக்கடி ஒளிந்திருக்கும். விலை கேட்பதற்கு முன்னர் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுவது நல்லது.

இவ்விரு தடைகளும் இல்லை, கடிகாரம் நின்றபின் விற்பவர் மனம் மாறினார் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுவையான வழக்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ‘விர்ரவே’ வகை விமானம் ஒன்றை அதன் உரிமையாளர் ஈபே தளத்தில் ஏலத்துக்கு வைத்தார். குறைந்த விலை 1,50,000 டாலர். கடைசி நேரத்தில் ஒருவர் அதே விலையைக் கேட்டார், வென்றார். ஆனால் விற்பவரோ, ஒரு லட்சம் டாலர் கூடுதலாகத் தர வேறொருவர் முன்வந்திருந்ததால் இவருக்குத் தர மறுத்துவிட்டார். 2007 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரெய்ன் தீர்ப்புக் கூறினார்: ஒப்பந்தம் உண்டாகிவிட்டது, விமானத்தையே கொடுக்க வேண்டும். பணமாக ஈடு கொடுத்து அவரால் தப்ப முடியவில்லை. அத்தகைய விமானம் கடைத்தெருவில் கிடைப்பதன்று அல்லவா?

ஜெர்மனியில் நடந்தது இன்னும் வியப்பானது. பழைய ஃபோல்க்ஸ்வாகன் பஸ்ஸாட் கார் ஒன்று ஒரு யூரோ தொடக்க விலைக்கு ஈபேயில் ஏலத்துக்கு வந்தது. ஒருவர் 555 யூரோ 55 சென்ட் வரை தருவதாக உச்ச வரம்பு வைத்துக் கேட்டார். வேறெவரும் கேட்காததால் அவர் கேள்வி ஒரு யூரோவிலேயே நின்றது. அதற்குள் வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைக்கவே, விற்பவர் ஏலத்தைப் பாதியிலேயே முறித்துக்கொண்டார். 2014 நவம்பர் 12 அன்று ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிய முடிவு யாதெனின், காரின் மதிப்பு 5,250 யூரோ. அதில் ஒரு யூரோ போக 5,249 யூரோவை விற்பவர் இழப்பீடாகத் தரவேண்டும். காப்பு விலை வைக்காமல் ஒரு யூரோவில் தொடங்கியவர், மலிவாகப் போகும் இடரைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பது நீதிமன்றத்தின் கருத்து. அத்தளத்தின் விதிப்படி பொருளைப் பட்டியலில் இடுவதே விற்பவரைக் கட்டுப்படுத்தும் முனைவு; ஆகையால் பாதியில் முறித்ததும் குற்றமாயிற்று. நம் 64ஆம் பிரிவை மட்டும் நம்பி இதே ஈட்டை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

காரின் கணக்கில் நமக்கொரு பாடம் இருக்கிறது. இழப்பீடு என்பது நாம் கேட்ட விலை அன்று. சந்தை விலைக்கும் நாம் கேட்ட விலைக்கும் உள்ள வேறுபாடு. இதை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறது. ஒருவர் ஐம்பது மணங்கு வெடியுப்பைக் குறித்த விலைக்கு விற்பதாகச் சொல்லிவிட்டு மாறுகிறார். அதே தரமான வெடியுப்பை வாங்கியவர் வேறிடத்தில் என்ன விலைக்கு வாங்கியிருக்கக் கூடுமோ, அந்த விலையில் ஒப்பந்த விலை போக மிச்சத்தை மாறியவர் தரவேண்டும். பொட்டாசியம் நைட்ரேட்டைச் சட்டப் புத்தகத்தில் கண்டபோது, வேதியியல் மாணவனான எனக்குப் பழைய நண்பரைச் சந்தித்த மகிழ்ச்சி.

அந்த வெடியுப்புக் கணக்கு எனக்கே பயன்பட்டது. சென்ற ஆண்டு, பயன்படுத்திய இருகண் நுண்ணோக்கி ஒன்றை ஒரு தளத்தில் 6,200 ரூபாய்க்கு ஏலம் எடுத்துப் பணமும் கட்டினேன். கருவி உடைந்துவிட்டதாகச் செய்தி வந்தது, பணம் திரும்பியது. மூன்று நாள் கழித்து அதே கருவி, அதே கீறலுடன், கூடுதல் விலைக்கு மீண்டும் பட்டியலில் ஏறியது. டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். “ஏ தம்பி, பணந்தான் திரும்ப வந்துட்டுல்லா? ஆறாயிரம் ரூவா சாமானுக்குக் கோர்ட்டு வாசல மிதிப்பாங்களாக்கும்?” என்றார். பலரும் இப்படியே எண்ணுகின்றனர். ஆனால் அந்த வாரத்தில் அதே வகை நுண்ணோக்கியை மற்றவர்கள் 10,500 முதல் 11,500 ரூபாய் வரை விற்றுக்கொண்டிருந்தனர். பணம் திரும்பினாலும், கருவி வேண்டுமென்றால் நான் இன்னும் நாலாயிரத்துக்கு மேல் போட்டாக வேண்டும். என் இழப்பு அதுதான். ஒரு மாணவனுக்கு அது இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு.

கோர்ட்டுக்குப் போகாமலே செய்யக்கூடியவை உள. விற்பவர் யார் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. தொடர்ந்து தொழிலாக விற்பவர் என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் நமக்குத் துணை நிற்கும். தளத்தில் குறை தீர்க்கும் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அசையாவிட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் புனேயில் இருந்தாலும் கொல்கத்தாவில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரும் வசதி, டோம்பிவிலிக்காரருக்குத் தாணே. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

வீட்டிலிருந்த பழைய பொருளை என்றோ ஒருநாள் விற்கும் தனி மனிதர் என்றால் மின்வணிக விதிகள் அவரைத் தொடா. ஒப்பந்தச் சட்டம் மட்டுமே மிஞ்சும். அறிவிப்புக் கடிதம் ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழியாக, வழக்குக்கு முந்திய சமரசத்துக்கு அழைக்கலாம். முந்நூறு ரூபாய்த் தபால்தலைக்கு இவ்வளவும் வேண்டுமா என்றால், அங்கே நான் அண்ணாச்சியின் கட்சி.

என் விற்பனையாளரின் பக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பழைய விற்பனைகள் காணப்பட்டன. ஆகவே அவர் வணிகரே. குறை தீர்க்கும் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். வசை இல்லை; ஏலம் முடிந்த நாள், நேரம், விலை, வந்த செய்தி, மறுபட்டியலின் படம், அந்த வாரத்துச் சந்தை விலைகள், நான் கோரும் தொகை ஆகியவை மட்டும். பத்தொன்பதாம் நாள் 3,500 ரூபாய்க்கு விற்பவர் இணங்கினார். முழுத் தொகை அன்று, ஆயினும் ஏற்றுக்கொண்டேன்.

அக்கடிதத்துக்கு வலுவூட்டியவை ஸ்கிரீன்ஷாட்டுகளே. பின்வாங்கும் செய்தி வந்த அன்றே, கோபம் தணியும் முன்னர், நான்கைந்து படங்களைப் பிடித்து வைத்துவிடுங்கள்: ஏலப் பக்கம், வென்ற அறிவிப்பு, செய்திப் பரிமாற்றம், தளத்தின் நிபந்தனைகள். பட்டியல்கள் மறைந்துவிடும் இயல்பின. சந்தை விலையையும் அதே வாரத்தில் திரட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திரட்டிய விலை வெடியுப்புக் கணக்குக்கு உதவாது.

இன்னொரு வகைச் செய்தியும் வரக்கூடும். “தளத்தில் ரத்து செய்துவிட்டேன், நேராக என் கணக்குக்குப் பணம் அனுப்பு, பொருளைக் குறைத்துத் தருகிறேன்” என்பது அது. இப்படி அழைப்பவர் பல வேளைகளில் விற்பவரே அல்லர். விற்பவரே ஆயினும், தளத்துக்கு வெளியே போன பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால், நுகர்வோர் எண்ணை அழைத்துக் காலம் கடத்தாமல், சைபர் மோசடி உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். அந்த எண் 1930. ஏலச் சட்டம் பிறந்த ஆண்டும் அதுவேயாதலால் நினைவில் வைப்பது எளிது.