ஒரு பேனையின் பெயரொலி

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ‘மோன் பிளான்’ என்னும் வணிகப்பெயருடன் 1924 ஆம் ஆண்டில் வெளிவந்த ஊற்றுப்பேனையின் பெயர் ‘மைஸ்ரர்ஷ்ருக்’. வணிகப்பெயர் பிரெஞ்சு மொழியில் அல்ப்ஸ் மலைச் சிகரமொன்றைக் குறிப்பது. ஈற்றில் எழுதப்படும் மெய்கள் அதில் ஒலிப்பதில்லை. பேனையின் பெயரோ ஜேர்மன். தலைசிறந்த கைவேலை என்பது பொருள். ஆங்கில முறையில் எழுத்துக்கூட்டுவோர் இரண்டிலும் இடறுவர், அது கல்விக்குறைவன்று.

முற்பகுதி வன்னி மாணவருக்கு எளிது. ஆசிரியரை அவர்கள் ‘மாஸ்ரர்’ என அழைப்பதுண்டன்றோ? அச்சொல்லும் ‘மைஸ்ரர்’ என்பதும் ஒரே இலத்தீன் வேரிற் பிறந்தவை. (தமிழகத்தார் இவற்றை டகரமிட்டு எழுதுவர், அதுவும் பிழையன்று.) பிற்பகுதியில் அதே எழுத்துகள் சொன்முதலில் நிற்றலால் ஸகரவொலி ஷகரமாகிறது.

அடுத்து வரும் உயிரொலியே அரியது. ‘ரு’ என எழுதியது அண்ணளவே. அதற்குரிய எழுத்துத் தமிழில் இல்லை. ஆயினும் வழி தமிழிலக்கணத்தில் உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இகரத்துக்கு நாவிளிம்பின் தொழிலையும் உகரத்துக்கு இதழ்குவிவையும் கூறும். நாவை இகரத்திலேயே நிறுத்தி, இதழை மாத்திரம் உகரத்துக்குக் குவித்து ஒலித்துப் பாருங்கள். மாத்திரை ஒன்றே, நீட்டலாகாது. ஈற்றுக் ககரமெய்யின்பின் உகரம் சேர்ப்பது தமிழ் நாவின் பழக்கம். இங்கே அதனை அடக்குதல் வேண்டும்.