16 வோட்டில் நின்ற சுயராஜ்யம்

அடிமைப்பட்ட ஜனங்கள் சுதந்திரம் கேட்பார்கள். ஆளும் வல்லரசு மறுக்கும். உலக சரித்திரத்தில் நாம் கண்டு பழகிய காட்சி இது. ஆளுகிறவர் "உங்கள் ஆட்சியை நீங்களே எடுத்துக் கொள்ளுங்கள்" என்று நீட்டியும், ஆளப்படுகிறவர் கை நீட்டி வாங்காத விந்தை எங்கேனும் உண்டா? உண்டு. பஸிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே டோகெலாவ் என்று மூன்று சிறு தீவுகள் இருக்கின்றன. நியூஜிலாந்தின் ஆதீனத்தில் இருக்கும் அத்தீவுகளின் ஜனங்களிடம், சுயாட்சி வேண்டுமா, வேண்டாமா என்று 2006-ல் ஒரு முறையும் 2007-ல் மற்றொரு முறையும் வோட்டு எடுக்கப்பட்டது. இரு முறையும் பிரேரணை தோற்றது.

"சுதந்திரத்தின் அருமை அறியாத ஜனங்கள்" என்று இதைக் கேட்டு நகைப்பவர்கள் உண்டு. "சிறு நாடுகளுக்குச் சுயராஜ்யம் எதற்கு? பெரியவர்களின் நிழலே போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், பாருங்கள்" என்று ஏகாதிபத்திய மனப்பான்மையோடு மகிழ்பவர்களும் உண்டு. இவ்விரண்டு கட்சியிலும் நாம் சேரவில்லை. அங்கே நடந்தது என்ன என்பதை முழுவதும் அறிந்தால், வாசகர்களும் சேர மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

மூன்று பவழ வளையங்கள்

ஸமோவா தீவுகளுக்கு வடக்கே சுமார் 500 கிலோ மீட்டர் தூரத்தில், பூமத்திய ரேகைக்குத் தெற்கே எட்டாவது பாகைக்கும் பத்தாவது பாகைக்கும் இடையில், டோகெலாவ் இருக்கிறது. வடகாற்று என்பது அப்பெயரின் பொருள். அதாபு, நுகுநோனு, பகாவோபோ என்பவை மூன்று தீவுகள். தீவு என்றதும் மலையும் ஆறும் வயலும் நம் மனக்கண்ணில் தோன்றலாம். அங்கே அவை ஒன்றும் இல்லை. கடலடியில் அமிழ்ந்துபோன பழைய எரிமலைகளின் தலையைச் சுற்றிப் பவழப் பூச்சிகள் எழுப்பிய பாறை வளையந்தான் ஒவ்வொரு தீவும். வளையத்தின் நடுவில் காயல். வளையத்தின் மேல் ஆங்காங்கே மணல் திட்டுகள். மூன்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு சுமார் 12 சதுர கிலோ மீட்டர்தான். மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்திற்கு ஐந்து மீட்டருக்கு மேல் இராது.

ஆறு இல்லாததால் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்து வைத்தே ஜனங்கள் குடிக்கிறார்கள். தென்னை, தாழை, ஈரப்பலா இவை தாமாக வளரும். சேம்பு வகைக் கிழங்குக்கு மணலைத் தோண்டிக் குழி பறித்து, இலை தழை மக்கச் செய்து, மண்ணையே உண்டாக்க வேண்டும். மற்றபடி உணவு தருவது கடல்தான். நிலம் 12 சதுர கிலோ மீட்டராயினும், இத்தீவுகளுக்கு உரிமையான பொருளாதாரக் கடற்பரப்பு மூன்று லட்சம் சதுர கிலோ மீட்டருக்கும் மேற்பட்டது. அந்நிய மீன்பிடி கப்பல்கள் அக்கடலில் சூரை மீன் பிடிப்பதற்குக் கொடுக்கும் லைசென்ஸ் கட்டணமே இன்று நாட்டின் முக்கியமான சொந்த வருமானம். செலவில் பெரும் பகுதியை நியூஜிலாந்தின் உதவித்தொகை ஈடு செய்கிறது.

விமான நிலையம் கிடையாது, துறைமுகமும் கிடையாது. ஸமோவாவின் தலைநகரமான ஆப்பியாவிலிருந்து கப்பலேறினால் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்த பின்னரே முதல் தீவு கண்ணுக்குத் தெரியும். கப்பல் கரைக்கு வர முடியாது. பவழப் பாறைக்கு வெளியே அது நிற்க, பாறையை வெட்டிய குறுகிய வழியில் சிறு படகுகள் சென்று ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் இறக்கி வர வேண்டும். கடல் சீறினால் அதுவும் நடவாது. நோயாளிக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றாலும் இதே வழிதான். இந்தக் கப்பலை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். டோகெலாவின் அரசியல் முழுவதும் அதைச் சுற்றியே இருக்கிறது.

பறிகொடுத்த ஆண்டு

1863-ம் ஆண்டு டோகெலாவின் சரித்திரத்தில் ஒரு கருப்பு ஆண்டு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் வேலைக்கு ஆள் பிடிக்கும் கப்பல்கள் அவ்வாண்டு இத்தீவுகளுக்கு வந்தன. சூதாலும் பலாத்காரத்தாலும் 250-க்கு மேற்பட்டவர்களை அவை கொண்டு போயின. தீவுகளின் ஜனத்தொகையில் அது ஏறக்குறையப் பாதி. உழைக்கும் வயதுடைய ஆண்களே அவர்களில் பெரும்பாலோர். போனவர்களில் திரும்பியவர் அனேகமாக ஒருவருமில்லை. எஞ்சியிருந்த பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் ஊரைக் காத்தார்கள். பிற்பாடு வேறு தீவினரும் ஐரோப்பிய மாலுமிகள் சிலரும் குடியேறி, இவர்களோடு கலந்து, ஜனத்தொகை மெதுவாக மீண்டது.

பாதுகாக்க வேண்டிய சமயத்தில் பாதுகாவலர் எவரும் வரவில்லை. 26 ஆண்டுகளுக்குப் பின், 1889-ல், பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று வந்து கொடியேற்றி, இத்தீவுகள் இனி பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருக்கும் என்று அறிவித்தது. 1916-ல் கில்பர்ட், எல்லிஸ் தீவுகளின் காலனியோடு இவை சேர்க்கப்பட்டன. 1925-ல் பிரிட்டன் இவற்றின் நிர்வாகத்தை நியூஜிலாந்திடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தது. 1948-ல் இயற்றப்பட்ட சட்டம் 1949 ஜனவரி முதல் இவற்றை நியூஜிலாந்தின் ஒரு பகுதியாகவே ஆக்கியது. ஜனங்களும் நியூஜிலாந்துப் பிரஜைகள் ஆனார்கள்.

தலைவர்களின் சம்மதம் இருந்ததென்று பழைய பத்திரங்களைக் காட்டலாம். ஆனால் இத்தனை கைமாற்றங்களில் ஒன்றுக்காவது ஜனங்களிடம் வோட்டு எடுக்கப்படவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

நான்காவது தீவின் கதை இன்னும் விசித்திரமானது. ஒலோஹெங்கா என்ற அத்தீவில் 1856-ல் ஓர் அமெரிக்கர் குடியேறித் தென்னந்தோப்பு வைத்தார். 1925-ல் அமெரிக்கா அதை அமெரிக்க ஸமோவாவோடு சேர்த்துக் கொண்டது. கடற்பறவைகளின் எச்சம் உரமாகும் என்பதற்காக 1856-ல் செய்த ஒரு சட்டத்தைக் காட்டி, மற்ற மூன்று தீவுகளுக்கும் அமெரிக்கா உரிமை பாராட்டி வந்தது. 1980-ல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அந்த மூன்றின் மீதுள்ள பாத்தியதையை அமெரிக்கா விட்டது. ஒலோஹெங்கா அமெரிக்காவுடையதே என்பது ஒப்புக் கொள்ளப்பட்டது. எனினும் 2006-ல் சுயாட்சிக்கென்று தயாரித்த அரசியல் சட்ட நகலில், தங்கள் மூதாதையரின் தீவுகள் நான்கு என்றே டோகெலாவ் ஜனங்கள் குறித்தார்கள். காகிதம் பிரித்ததை மனம் பிரிக்கவில்லை.

ஊரே அரசு

2016-ம் ஆண்டுக் கணக்கின்படி டோகெலாவில் நிரந்தரமாக வசிப்பவர்கள் 1,499 பேர். 1966-ல் அடித்த கடும் புயலுக்குப் பின், ஜனங்களை நியூஜிலாந்தில் குடியேற்றும் திட்டம் நடந்தது. 2018-ம் ஆண்டுக் கணக்கில் நியூஜிலாந்தில் தங்களை டோகெலாவ் வம்சத்தார் என்று கூறியவர்கள் 8,676 பேர். ஊரில் ஒருவர் இருந்தால் கடல் கடந்து ஐவருக்கு மேல் இருக்கிறார்கள்.

இந்தச் சிறு ஜனத்தின் ராஜாங்க அமைப்பு ஆழ்ந்து கவனிக்கத் தக்கது. ஒவ்வொரு தீவும் ஒரே ஊர். ஒவ்வோர் ஊருக்கும் தௌபுலெங்கா என்ற பெரியோர் சபை உண்டு. பைபுலே என்ற தலைவரையும், புலேனுகு என்ற ஊர் நிர்வாகியையும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று ஊர்களுக்கும் பொதுவாக ஒரு பொதுச் சபை இருக்கிறது. அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் 1996-ல் கொடுக்கப்பட்டது. சபை கூடாத காலத்தில் மூன்று பைபுலேக்களும் மூன்று புலேனுகுகளும் சேர்ந்த ஆறு பேர் குழு மந்திரி சபையாக நிர்வாகம் நடத்துகிறது. நாட்டின் தலைமைப் பதவியை மூன்று பைபுலேக்களும் ஆண்டுக்கு ஒருவராக முறை வைத்து ஏற்கிறார்கள். தலைமை எந்தத் தீவுக்குப் போகிறதோ, அவ்வாண்டு அதுவே தலைநகரம். நிரந்தரத் தலைநகரம் என்று ஒன்று கிடையாது. ஆகையால் தலைநகரத்தின் ஆணவமும் கிடையாது.

2004-ல் இன்னும் முக்கியமான மாறுதல் ஒன்று நடந்தது. நியூஜிலாந்து நியமிக்கும் நிர்வாக அதிகாரியிடம் இருந்த அதிகாரங்கள் மூன்று ஊர்ப் பெரியோர் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்று ஊருக்கும் பொதுவான காரியங்களை மட்டும் ஊர்கள் பொதுச் சபைக்கு விட்டுக் கொடுக்கின்றன. மேலிருந்து கீழே அதிகாரம் சொட்டுவதே மற்ற நாடுகளின் வழக்கம். இங்கே அது ஊரிலிருந்து மேலே செல்கிறது.

அவர்களுடைய சமூக வாழ்வும் இதற்கேற்றது. இனாதி என்ற பங்கீட்டு முறை அங்கே வழிவழியாக வருகிறது. ஊர் சேர்ந்து பிடித்த மீனைக் கரையில் குவித்து, தலைக்கட்டு பார்த்துப் பங்கிடுவார்கள். கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கும், விதவைக்கும், முதியவருக்கும் பங்கு உண்டு. சேர்ந்து முடிவு செய்வது, சேர்ந்து உண்பது என்ற இரண்டும் பழகிய ஜனங்கள் சுயாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று எவரேனும் சொன்னால், அவருடைய தகுதியைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகம் உண்டாகும்.

இரண்டு வோட்டெடுப்புகள்

ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் 1946-ல் தயாரித்த சுயாட்சி பெறாத பிரதேசங்களின் ஜாபிதாவில் டோகெலாவ் இடம் பெற்றது. இன்றும் அதிலிருந்து நீக்கப்படவில்லை. 1994-ல் டோகெலாவ் தலைவர்கள், நியூஜிலாந்தோடு சுயேச்சையாக இணைந்த சுயாட்சியே தங்கள் விருப்பம் என்று தெரிவித்தார்கள். 1965-ல் குக் தீவுகளும் 1974-ல் நியூவே தீவும் அடைந்த அந்தஸ்து அது. உள்நாட்டு ஆட்சி முழுவதும் தங்களுடையது; நியூஜிலாந்துப் பிரஜாவுரிமை நீடிக்கும்; உதவியும் உடன்படிக்கையால் உறுதி செய்யப்படும்.

2006 பிப்ரவரியில், ஐக்கிய நாடுகளின் பார்வையாளர் முன்னிலையில் வோட்டெடுப்பு நடந்தது. செல்லுபடியான 581 வோட்டுகளில் ஆதரவு 349, எதிர்ப்பு 232. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது முன்னரே ஒப்புக் கொண்ட விதி. ஆகவே பிரேரணை தோற்றது. 2007 அக்டோபரில் மறுபடியும் வோட்டெடுப்பு நடந்தது. இம்முறை 692-ல் ஆதரவு 446, எதிர்ப்பு 246. நூற்றுக்கு அறுபத்து நான்குக்கு மேல்! வேண்டியிருந்தது 462. வெறும் 16 வோட்டுக் குறைவால் ஒரு நாட்டின் அந்தஸ்து மாறாமல் நின்றது.

ஆகவே, டோகெலாவ் ஜனங்கள் சுயாட்சியை மறுத்தார்கள் என்பது உண்மையன்று. இரு முறையும் பெரும்பான்மையோர் அதை விரும்பினார்கள். விதிதான் தடுத்தது. கொடியேற்றிய நாளில் ஒரு வோட்டும் கேட்காத உலகம், கொடியை இறக்க மட்டும் மூன்றில் இரண்டு பங்கு கேட்பது நியாயமா என்று நம் மனம் கொதிக்கிறது. ஆயினும் மறுபக்கத்தையும் சொல்வது கடமை. எல்லோரும் ஒருமித்து முடிவு செய்யும் பழக்கமுள்ள ஊரில், பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் மற்றவர்களை இழுத்துச் செல்வது ஒற்றுமையைக் குலைக்கும். மூன்றே ஊர்கள் உள்ள நாட்டில் ஒற்றுமை குலைந்தால் பிறகு நாடு ஏது? அவ்விதத்தில் அவ்விதியை நாம் முற்றிலும் குறை கூறவில்லை.

"வேண்டாம்" என்றவர்களும் தாய்நாட்டுக்குத் துரோகிகள் அல்லர். அவர்களுடைய பயம் கண்கூடான பயம். கப்பல் வருமா? டாக்டர் இருப்பாரா? வெல்லிங்டனில் இருக்கும் மகனுக்கும் நமக்கும் நடுவே புதிய சுவர் எழும்புமா? உடன்படிக்கை நகல் இவற்றுக்கெல்லாம் உறுதி கூறிற்று. ஆனால் துறைமுகம் இல்லாத ஊரில் காகிதத்தில் உள்ள உறுதியை நம்பச் சொல்வது எளிதன்று. கடல் கடந்து வாழும் ஆயிரக் கணக்கானவர்களுக்கு வோட்டு இல்லை என்பதும் மனஸ்தாபத்தை வளர்த்தது.

நியூஜிலாந்துக்கு நாம் சொல்வது

வோட்டெடுப்பு நடத்தியதோடு ஆளும் நாட்டின் கடமை தீர்ந்துவிடவில்லை. சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் முதலில் பயம் நீங்க வேண்டும். பயம் நீங்கக் கப்பலும், கரையேற நல்ல வழியும், வைத்தியமும் வேண்டும். இவற்றில் சில நடந்திருக்கின்றன. 2012-ல் நியூஜிலாந்தின் உதவியோடு மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியால் மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் அமைந்தன. அதுவரை டீசல் பீப்பாய்களைக் கப்பலில் வரவழைத்து விளக்கேற்றிய ஜனங்கள், தங்கள் தலைமேல் காயும் வெயிலாலேயே விளக்கேற்றத் தொடங்கினார்கள். டீசலுக்கு அந்நியரை எதிர்பார்ப்பது குறைந்த அளவுக்குச் சுயாட்சி வளர்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

மற்றோர் ஆபத்து அவர்கள் கையிலும் இல்லை. நியூஜிலாந்து ஒன்றின் கையிலும் இல்லை. உலகத்தின் பெரிய தொழிற்சாலைகள் விடும் புகையால் பூமி சூடேறிக் கடல் மட்டம் உயர்கிறது. ஐந்து மீட்டர் உயரமுள்ள நாட்டில் அலை ஏறினால் முதலில் கெடுவது குடிதண்ணீர்; பிறகு சேம்புக் குழி; பிறகு வீடு. அந்தப் புகையில் டோகெலாவின் பங்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். 1863-ல் கண்காணாத நாட்டின் தோட்டங்களுக்காகத் தங்கள் ஆண்மக்களைப் பறிகொடுத்தார்கள். இன்று கண்காணாத நாடுகளின் செல்வத்துக்காகத் தங்கள் நிலத்தையே பறிகொடுக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள்.

ஜனத்தொகை சிறிது என்பதால் உரிமையும் சிறிது ஆகிவிடாது. ஆயிரத்தைந்நூறு பேர் தங்கள் தலைவிதியைத் தாங்களே நிர்ணயிப்பதும், நாற்பது கோடி ஜனங்கள் நிர்ணயித்ததும் ஒரே தர்மந்தான். மூன்றாவது முறை அவர்கள் முன் கேள்வி வைக்கப்படும்போது "ஆம்" என்பார்களோ, "இல்லை" என்பார்களோ, அது அவர்கள் விருப்பம். எந்த விடையானாலும் பயத்தால் பிறந்த விடையாக இருக்கக் கூடாது. அந்த விடையைச் சொல்வதற்குக் காலின் கீழ் மண்ணும் இருக்க வேண்டும். அதற்கு வழி செய்வது நியூஜிலாந்தின் கடமை. புகை விடும் நாடுகள் அனைத்தின் கடமையும் அதுவே.