வானத்தைக் கண்டு வியந்த வெனிலா!

வீடு இழந்த 42 மனிதக் குரங்குகளின் கதை

கதவு திறந்தது. வெளியே பச்சைப் புல்வெளி. ஆனால், வெனிலா வாசலிலேயே நின்றுவிட்டது. காலை எடுத்து வைக்கப் பயம்!

வெனிலா ஒரு சிம்பன்சி. மனிதக் குரங்கு வகையைச் சேர்ந்தது. அப்போது வயது முப்பதை நெருங்கியிருந்தது. அத்தனை ஆண்டுகளும் கூண்டு வாழ்க்கைதான்.

வெளியே நின்ற டுவைட் என்ற சிம்பன்சி, இரு கைகளையும் விரித்து அழைத்தது. அது அந்தக் கூட்டத்தின் தலைவன். வெனிலா ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டது. பிறகு தலையை நிமிர்த்தியது. மேலே கம்பி இல்லை, நீல வானம்! வாயைப் பிளந்தபடி வெனிலா வானத்தையே பார்த்தது.

2023-ம் ஆண்டு வெளியான இந்தக் காட்சியை உலகமே பார்த்து மகிழ்ந்தது. ஆனால், அந்தக் கதவைத் திறப்பதற்கு எத்தனை பேர் பாடுபட்டார்கள் தெரியுமா?

இடம் இல்லை!

வெனிலா குட்டியாக இருந்தபோது, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் அடைபட்டுக் கிடந்தது. பிறகு, கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஒரு விலங்குப் புகலிடத்துக்கு வந்தது.

அந்தப் புகலிடத்தை 2017-ல் காட்டுத் தீ தாக்கியது. 2019-ல் வெள்ளம். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் புகலிடம் மூடப்பட்டது.

அங்கே நானூறுக்கும் அதிகமான பிராணிகள் இருந்தன. அவற்றில் 42 சிம்பன்சிகளுக்கு இடம் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

சிம்பன்சிக்குப் பலம் அதிகம். சாதாரண வேலி தாங்காது. அது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அத்தனை காலமும் சாப்பாடு, வைத்தியம் எல்லாம் பார்க்க வேண்டும். பழகிய கூட்டத்தைப் பிரித்தால் அது ஏங்கும். தெரியாத கூட்டத்தில் விட்டாலோ, சண்டையில் உயிரே போகலாம்!

ஊர் கூடி இழுத்த தேர்

42 சிம்பன்சிகளையும் ஒரே சரணாலயம் ஏற்க முடியாது. எனவே, வட அமெரிக்காவில் உள்ள குரங்குச் சரணாலயங்களின் கூட்டமைப்பும் கலிபோர்னியா அரசின் வனவிலங்குத் துறையும் கைகோத்தன. எந்தக் கூட்டத்தை எங்கே அனுப்புவது என்று கலந்து பேசித் திட்டமிட்டார்கள். மக்களிடம் பணம் திரட்டினார்கள். புதிய இருப்பிடங்கள் கட்டினார்கள். பிளாரிடா, லூயிசியானா, வாஷிங்டன் மாநிலங்களில் உள்ள சரணாலயங்கள் ஆளுக்குச் சிலவாக ஏற்றுக்கொண்டன.

வெனிலா 2022-ல் பிளாரிடாவில் உள்ள 'சேவ் தி சிம்ப்ஸ்' சரணாலயத்துக்கு வந்தது. 150 ஏக்கர் பரப்புள்ள அந்த இடத்தில், மூன்று ஏக்கர் அளவில் 12 தீவுகள் இருக்கின்றன. சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது. அதனால் தண்ணீரே வேலி!

வந்ததும் வெனிலாவைத் தீவில் விட்டுவிடவில்லை. முதலில் தனியே வைத்து உடல்நலம் கவனித்தார்கள். பிறகு மற்ற சிம்பன்சிகளோடு சிறிது சிறிதாகப் பழகவிட்டார்கள். கதவு திறந்த அன்று டுவைட் அன்போடு அழைத்ததும் அதனால்தான்.

வாயில்லாப் பிராணியைக் காப்பாற்ற இரக்கம் வேண்டும். அதோடு, நாளைக்கும் அதற்குச் சோறு போடக் கணக்கும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததால்தான் வெனிலாவுக்கு வானம் கிடைத்தது!