வெயில் படாத கருமை

"என்னம்மா, வெயிலில் அலைந்து இப்படிக் கறுத்துவிட்டாயே?" வீட்டுக்கு வீடு கேட்கும் விசாரிப்பு இது. ஆனால் உள்ளங்கை ரேகைகளில் வெயில் படுவதில்லை. ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் படுவதே இல்லை. அந்த இடங்கள் புதிதாகக் கறுத்து, கூடவே ஓயாத சோர்வும் எடைக் குறைவும் இருந்தால், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சுரப்பிகள் பழுதுபடும் நோயை லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்ததால் அதற்கு அடிசன் நோய் என்று பெயர். அட்ரினல் பழுதுபட்டு, அது சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் குறைந்ததும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி 'இன்னும் சுர' என்று ஏ.சி.டி.எச். ஹார்மோனை அள்ளி அனுப்புகிறது. பழுதான அட்ரினலால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. தோலின் நிறமிச் செல்களோ அதே ஹார்மோனால் தூண்டப்பட்டு மெலனினைப் பெருக்குகின்றன. தோலில் தெரியும் கருமை, பிட்யூட்டரி ஓயாமல் கூப்பிடுவதன் அடையாளம்.

வெள்ளைத் தோலில் வெண்கல நிறமாகப் பளிச்சென்று தெரியும் இந்த மாற்றம், நம் மாநிறத்தில் ஒளிந்துகொள்கிறது. பிறவியிலேயே ஈறு கறுத்தவர்களும் நம்மில் ஏராளம். எனவே 'கறுப்பாக இருக்கிறதா?' என்பதைவிட 'எப்போதிலிருந்து?' என்பதே முக்கியமான கேள்வி. இரண்டு வருடத்துக்கு முந்தைய புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். விரல் முட்டிகளையும் அண்மையில் ஆறிய தழும்புகளையும் கவனியுங்கள். சிவப்பழகு கிரீம் தடவியே மாதங்களைக் கழிப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

எழுந்து நின்றால் தலைசுற்றல், குமட்டல், உப்புக்கும் ஊறுகாய்க்கும் அடங்காத ஆசை ஆகியவையும் துணை அறிகுறிகள். மேலை நாடுகளில் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குகிறது. இந்தியாவில் காசநோயும் முக்கியக் காரணம். முன்பு காசநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காலை 8 மணியளவில் எடுக்கும் கார்டிசால் ரத்தப் பரிசோதனை முதல் படி. உறுதியானால், குறைந்த ஹார்மோனை மாத்திரையாக ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்கவில்லையென்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சிகிச்சை பிடித்துவிட்டால், சில மாதங்களில் கருமை மெல்ல மங்கத் தொடங்கும்.