காண்டெசாவுக்கு வந்த புது எஞ்சின்

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு கார் செல்வதாகக் கொள்ளுங்கள். ஆட்களுடன் அதன் நிறை 1500 கிலோகிராம்; 10 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் சரிவு. மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டுமே 15 கிலோவாட், சுமார் 20 குதிரைத்திறன் வேண்டும். வேகத்தை இருமடங்காக்கினால் (வளைவில்லாத இடத்தில்தான்!) 40.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் தந்த காண்டெசா, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரின் உடலமைப்பைக் கொண்டது. பார்வைக்குப் பந்தயக் கார்! உள்ளேயோ அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். காற்றின் தடையும் உராய்வும் தம் பங்கை எடுத்தபின் மேட்டில் என்ன மிஞ்சும்?

பின்னர் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்தன. திறன் 80-ஐத் தாண்டியது. உடல் ஏறக்குறைய பழையதே. 2002-இல் உற்பத்தி நிற்கும்வரை அந்த உடல் பெரிதாக மாறவில்லை.