விதைநெல்லும் காப்புப் பிரதியும்

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளியில், அறுவடை முடிந்ததும் அடுத்த போகத்துக்குரிய விதைநெல்லை உண்ணும் நெல்லோடு கலவாமல் வேறாக எடுத்து வைக்கும் கமக்காரருக்கு, கணினி சாஸ்திரத்தில் ‘காப்புப் பிரதி’ என வழங்கும் பதத்தின் தாத்பரியத்தை விளக்க அதிகம் பிரயாசைப்பட வேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைத் தாங்கிய கணினிகளுள் ‘ரான்சம்வேர்’ என்னும் கப்பம் கோரும் நச்சுநிரல் புகுந்தது. கோப்புகளை இருந்த இடத்திலேயே சங்கேத எழுத்தாக மாற்றிப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்கு விலை கேட்பது அதன் சுபாவம். இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டுண்டமையாலும், அண்மைக் காலத்துக்குரிய பிரதி இணைப்புக்குப் புறம்பாக வேறில்லாமையாலும், ஏறத்தாழ 5,000 முகவரிகளைக் கொண்ட அச்சேவையில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளாது போயின. எத்தனை பிரஜைகளின் விண்ணப்பங்கள் அவற்றுள் இருந்தனவோ என எண்ணும்போது மனம் நோகிறது.

இத்தகைய நச்சுநிரல் புகாதவாறு, மதகுபோல் வேண்டிய போக்குவரத்தை மாத்திரம் வலையமைப்புக்குள் அனுமதிப்பது ‘தீச்சுவர்’. அதையும் கடந்து நச்சுநிரல் எனும் எலி புகுந்துவிட்டால், நெல்மூட்டைக்கருகே அடுக்கிய விதைநெல்லும் தப்பாது. ஆதலின், பிரதியொன்றை வலையமைப்பினின்றும் முற்றாகத் துண்டித்து, வேறொரு ஸ்தலத்தில் வைத்து, அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என இடையிடையே பரீட்சித்துப் பார்ப்பதையே நிபுணர் வற்புறுத்துகின்றனர்.