சேர்விஸ் புத்தகம் இல்லாத வேன்

கடைக்குச் சாமான் ஏற்ற பழைய டொல்பின் வேனொன்று பார்த்தேன். சேர்விஸ் புத்தகம் இல்லை. "மீற்றரைப் பாருங்க நானா, 98,000 தான்" என்றார் விற்பவர். பிரேக் பெடல் ரப்பரோ தேய்ந்து வழுவழுத்திருந்தது. மீற்றரைப் பின்னால் திருப்புவது பெரிய வித்தையல்ல.

என் பயம் டைமிங் பெல்ட்டில்தான். இந்த டீசல் எஞ்சினுக்கு 1 இலட்சம் கிலோ மீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு எஞ்சினையே கழற்ற நேரிடும். மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டுமென்று சொல்லியிருந்தேன். போனபோது சூடாக்கி வைத்திருந்தார். மறுநாள் சுபஹுக்குப் பின் சொல்லாமல் போனேன். நீலப் புகை, ஒயில் எரிகிறது. கராஜில் செலவைக் கேட்டு விலையில் கழிக்கச் சொன்னேன். மறுத்தார். அந்தப் பணத்துக்குச் சரக்கு எடுத்தேன்.